சீட் சூடு, காத்து சீட்: சுகர் உள்ள உம்மாவுக்கு எவ்வளவு நேரம் போடலாம்?

கீழக்கரை மகள்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

மச்சான் துபாய்ல இருக்காங்க. போன தடவை ஊருக்கு வந்தப்போ ஒரு செகண்ட் ஹேண்ட் செடான் வாங்கிக் குடுத்துட்டுப் போனாங்க. ஓட்டுறது நான். முன்சீட் ரெண்டுலயும் சூடு ஏத்துற சுவிட்சும் இருக்கு, ஓட்டை போட்ட லெதர் வழியா காத்து வர்ற சுவிட்சும் இருக்கு. ரெண்டுக்கும் மூணு மூணு லெவல். வண்டியோட மேனுவல் புக் எங்க கைக்கு வரலை, முன்னாடி வச்சிருந்தவங்ககிட்டயே தொலைஞ்சுபோச்சாம்.

உம்மாவுக்கு 68 வயசு. சுகர் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. பாதத்துல உணர்ச்சி குறைஞ்சுபோய், செருப்பு கழண்டு விழுந்தாலும் தெரியாம நடப்பாங்க. இடுப்பு வலி வேற. மாசாமாசம் மதுரைக்கு செக்கப் கூட்டிட்டுப் போறேன். ஐப்பசி மழையில ஒரு நாள் அவங்க சீட்டுக்கு சூடு போட்டு விட்டேன். "வெந்நீர் ஒத்தடம் குடுத்த மாதிரி இருக்கு புள்ள"ன்னாங்க. அதுலேருந்து ராமநாதபுரம் தாண்டுறதுக்குள்ள கேட்டு வாங்கிக்கிறாங்க. இடுப்புக்குப் பின்னாடி ஒரு சின்னத் தலையணை, மடியில சால்வை. பரமக்குடி வர்றதுக்குள்ள தூங்கிடுவாங்க. திருப்புவனம் வரைக்கும் அசைய மாட்டாங்க. நரம்பு வலிக்கு ஒரு மாத்திரை சாப்பிடுறாங்க, அதுக்கும் தூக்கம் வரும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.

போன வாரம் ராத்தா (அக்கா) உம்மாவைக் குளிப்பாட்டும்போது இடுப்புக்குக் கீழே வலை மாதிரி பழுப்பா கோடு கோடா இருக்கிறதைப் பார்த்தாங்க. எரிச்சல் இல்லை, அரிப்பு இல்லை. அப்படி ஒண்ணு இருக்கிறதே உம்மாவுக்குத் தெரியலை. இது சீட் சூட்டாலயா? லெவல் ஒண்ணுல வச்சா போடலாமா, இல்லை அறவே கூடாதா?

காத்து சீட்டைப் பத்தியும் கேக்கணும். சித்திரையில புள்ளைகளோட அரிச்சல்முனை போய்ட்டுத் திரும்பி வண்டியில ஏறினா, காத்தைப் போட்டதும் அனலா அடிக்குது. அப்புறம், புள்ளைங்க அரியமான்ல கடல்ல குளிச்சிட்டு ஈரத்தோட சீட்ல ஏறிடுதுங்க. கரண்ட் ஓடுற சீட்டாச்சேன்னு எனக்குப் பயமா இருக்கு. லெதர் கெடாம இருக்க சீட் கவர் மாட்டிக்கலாமான்னும் யோசிக்கிறேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கத்தார் காக்கா:

பயப்படாதீங்க. கம்பெனியில போட்ட ஹீட்டர்ல தெர்மோஸ்டாட் இருக்கும். நாப்பது டிகிரியைச் சுத்தித்தான் ஓடும், குளிக்கிற வெந்நீர் அளவுதான். கை பொறுக்குற சூடு உடம்பைச் சுடாது. உம்மாவுக்கு அது சுகமா இருந்தா எதுக்கு நிறுத்தணும்? கோடு வேற எதனாலயாவது இருக்கும்.

பரமக்குடி செவிலி:

காக்கா சொல்வதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. மதுரையில் பல வருடம் தீக்காய வார்டில் வேலை பார்த்தவள் நான். "கை பொறுக்குற சூடு சுடாது" என்று நம்பி வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். அதில் பாதிப் பேர் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கிய சுகர்க்காரர்கள்.

சூடு மட்டும் தோலைச் சுடுவதில்லை. எவ்வளவு நேரம் படுகிறது என்பதும் சேர்ந்துதான் சுடுகிறது. 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். தோல் 44 டிகிரியில் இருந்தால் காயமாக ஏறக்குறைய 6 மணி நேரம் வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அந்த நேரம் கிட்டத்தட்டப் பாதியாகும். 49 டிகிரிக்குப் பத்து நிமிடமே போதும். 60 டிகிரி என்றால் சில நொடிகள். நல்ல உணர்ச்சி உள்ளவர் சூடு உறைத்ததும் நெளிந்து உட்காருவார், சுவிட்சைத் தட்டுவார். அந்த நெளிவுதான் நமக்குக் காவல். உங்கள் உம்மாவுக்கு அந்தக் காவல் இல்லை. பாதத்தில் தொடங்கிய மரமரப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று சோதித்தால்தான் தெரியும். அதோடு மாத்திரைத் தூக்கம். உடல் எடை சீட்டில் அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டமும் குறையும், ஏறுகிற சூட்டை அங்கிருந்து எடுத்துப் போக ஆள் இருக்காது. தலையணையும் சால்வையும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். நாற்பதில் இருப்பதாக நினைக்கிற சீட், தோலுக்குப் பக்கத்தில் நாற்பதில் இருக்காது.

வலை மாதிரி பழுப்புக் கோடு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது 'எரிதீமா ஏப் இக்னி'. புண்ணாக்கும் அளவுக்குப் போகாத சூடு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் தோல் இப்படி வலை வலையாக நிறம் மாறும். அடுப்படியில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் பெண்களின் காலிலும், மடியில் லேப்டாப் வைத்து மணிக்கணக்கில் வேலை பார்ப்பவர்களின் தொடையிலும் வரும். பெரும்பாலும் சூட்டை நிறுத்தினால் மெல்ல மங்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். நிறுத்தாமல் வருடக்கணக்கில் விட்டால் அந்த இடம் அரிதாகத் தோல் புற்றாகவும் மாறக்கூடும். நான் படம்கூடப் பார்க்காமல் எழுதுகிறேன். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கொப்புளமோ ஈரக்கசிவோ கறுத்த புள்ளியோ தெரிந்தால் இன்றைக்கே. அதுவரை சீட் சூடு வேண்டாம், வெந்நீர்ப் பையும் வேண்டாம்.

தங்கச்சி, இன்னும் ஒன்று. உம்மா இன்சுலின் போடுகிறார்களா? தொடையிலோ பின்பக்கத்திலோ போட்டுவிட்டு அந்த இடத்தைச் சூடான சீட்டில் வைத்தால், மருந்து வழக்கத்தைவிட வேகமாக ரத்தத்தில் கலக்கும், சர்க்கரை சட்டென்று இறங்கலாம். தூங்குகிறார்கள் என்று நீங்கள் ஓட்டிக்கொண்டே போவீர்கள், அது மயக்கமாக இருக்கும். இதை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. இடுப்புக்கு வலித் தைலம் தடவும் பழக்கம் இருந்தால், தடவிய இடத்தில் எந்தச் சூடும் படக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் தோல் வெந்துவிடும். ஒட்டுகிற வலிப் பிளாஸ்டருக்கும் இதே விதிதான்.

லெவல் ஒன்று போதுமா என்று கேட்டீர்கள். உங்களுக்குப் போதும், ராத்தாவுக்குப் போதும். உம்மாவுக்கு அந்தச் சுவிட்சே வேண்டாம். இடுப்புக்கு வழியில் ஒரு தடவை, பரமக்குடியிலோ திருப்புவனத்திலோ, வண்டியை நிறுத்தி இறக்கி ஐந்து நிமிடம் நடக்க வையுங்கள். அந்தச் சூடு செய்வதைவிட இது நல்லது செய்யும்.

தங்கச்சிமடம் டிராவல்ஸ்:

அக்கா, நான் ராமேஸ்வரம் லோக்கல் சவாரி ஓட்டுறவன். உங்க அரிச்சல்முனை கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்றேன். வெயில்ல மூடி வச்ச வண்டிக்குள்ள இருக்கிற காத்து வெளியில இருக்கிறதைவிட ரொம்ப அனல். காத்து சீட் அந்தக் காத்தைத்தான் எடுத்து முதுகுல விடுது. பெரும்பாலான வண்டியில அதுக்குன்னு தனி ஏசி கிடையாது. நாலு கதவையும் திறந்து விடுங்க, அங்கதான் கடல் காத்துக்குப் பஞ்சமே இல்லையே. ஒரு நிமிஷம் அனல் வெளியேறட்டும். அப்புறம் ஏசி. உள்ளே குளிர்ந்த பிறகு சீட் காத்து.

"சீட்ல காத்து வருதே"ன்னு புள்ளைகளை உள்ளே உட்கார வச்சிட்டு அம்மா அப்பா இறங்கிப் போறதை ரெண்டு மூணு தடவை நானே பார்த்து கதவைத் தட்டியிருக்கேன். அந்தக் காத்து வண்டியைக் குளிர வைக்காது. வேர்வையை உலர்த்தும், அவ்வளவுதான். வண்டிக்குள்ள சூடு ஏறிக்கிட்டேதான் இருக்கும். அஞ்சு நிமிஷம்னாலும் புள்ளையைக் கூட்டிட்டே இறங்குங்க.

எங்க டிரைவர் தம்பிகளுக்காகவும் இதை எழுதுறேன். விடிகாலை தீர்த்தத்துக்கு வர்ற பார்ட்டியை இறக்கிட்டு, என்ஜினை ஓட விட்டு, கண்ணாடியை ஏத்தி, ஏசியும் சீட் காத்தும் போட்டுத் தூங்குறாங்க. லாட்ஜ் ஷெட்டுக்குள்ளயோ சுவரை ஒட்டியோ நின்னா புகை உள்ளே வரும். அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். என்ஜினை அணைச்சு, கண்ணாடியை இறக்கி, ஒரு கொசுவலைத் துணியைக் கட்டிக்கிட்டுத் தூங்குங்கப்பா.

பாம்பன் ரோட்டுப் பாலத்துல ஏறினதும் பக்கவாட்டுக் காத்து வண்டியை இழுக்கும், அங்கே போய் ஸ்கிரீன்ல லெவல் மாத்திக்கிட்டு இருக்காதீங்க. மண்டபம் தாண்டுறதுக்கு முன்னாடியே போட்டுக்கங்க.

பட்டணம்காத்தான் ஒயரிங்:

எல்லாரும் நல்லா சொல்லியிருக்காங்க. நான் ராமநாதபுரத்துல ஆட்டோ எலக்ட்ரீஷியன். சீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்றேன், அது தெரிஞ்சா மத்தது தானா விளங்கும்.

லெதருக்குக் கீழே, ஸ்பாஞ்சுக்கு மேல ஒரு மெல்லிசான பாய். அதுல ஹீட்டர் கம்பி வளைஞ்சு வளைஞ்சு ஓடும். ஒரு சீட்டுக்கு 50-லேருந்து 100 வாட் வரைக்கும் இழுக்கும். சூட்டைப் பார்த்துக்கிட்டு கரண்ட்டை நிறுத்தவும் விடவும் ஒரு சென்சார். கத்தார் காக்கா சொன்ன தெர்மோஸ்டாட் இதுதான். ஆனா சென்சார் இருக்கிறது பாயில ஏதோ ஒரு இடத்துல. அது இருக்கிற இடத்துச் சூடு மட்டும்தான் அதுக்குத் தெரியும். மேல கேரியர்ல சாமான் கட்ட சீட்ல முழங்காலை ஊனி ஏறுறோம்ல, அப்போ கம்பி மடங்கும். மடங்கின இடம் மட்டும் தனியா கொதிக்கும், சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. பழைய வண்டியா வாங்கினவங்க கண்டிப்பா ஒண்ணு செய்யணும்: சூட்டை முழுசா வச்சு, சீட் பூரா உள்ளங்கையை நகர்த்தி நகர்த்திப் பாருங்க. ஒரு இடம் மட்டும் தனியா சுட்டாலோ, கருகின வாடை வந்தாலோ, லைட் தானா அணைஞ்சு அணைஞ்சு வந்தாலோ அந்தச் சுவிட்சைத் தொடாதீங்க. பியூஸ் போச்சுன்னா அதே ஆம்பியர் பியூஸ்தான் போடணும். பெருசு போடுறதும், கம்பியைச் சுத்தி வைக்கிறதும் சீட்டுக்கு நெருப்பு வைக்கிற வேலை. சில வண்டியில கொஞ்ச நேரம் கழிச்சு சூடு தானா லெவல் இறங்கும், சிலதுல நீங்க அணைக்கிற வரைக்கும் அப்படியே ஓடும். உங்க வண்டி எந்த ரகம்னு ஒரு தடவை நின்னு பார்த்துக்கங்க.

இந்தச் சூடு சீட் நம்ம ஊருக்காக வந்தது இல்லை. ஸ்வீடன்ல சாப் கம்பெனி 1972-ல டிரைவர் சீட்டுக்குப் போட ஆரம்பிச்சது, அங்க அடிக்கிற குளிருக்கு. காத்து சீட்டையும் 1990-களோட கடைசியில அவங்கதான் கொண்டுவந்தாங்க. நமக்கு வேண்டியது ரெண்டாவதுதான்.

காத்து சீட் ரெண்டு வகை, ஓட்டை வழியா ஊதுறது ஒண்ணு, உறிஞ்சுறது ஒண்ணு. ஒரு டிஷ்யூ பேப்பரைச் சீட் மேல வச்சு காத்தைப் போடுங்க. பேப்பர் எழும்பினா ஊதுது, ஒட்டிக்கிச்சுன்னா உறிஞ்சுது. முதுகுல அனல் அடிக்குதுன்னு சொல்றதைப் பார்த்தா உங்களுது ஊதுற ரகம். உறிஞ்சுற ரகமா இருந்தா நம்ம கடற்கரையில வேற தொல்லை. தனுஷ்கோடி மணல் மாவு கணக்கா இருக்கும், துணியில ஒட்டி வந்து ஓட்டை வழியா நேரா ஃபேனுக்குப் போயிடும். அப்புறம் கரகரன்னு சத்தம். கடற்கரைக்குப் போய்ட்டு வந்தா அன்னைக்கே வேக்குவம் போட்டு எடுத்துடுங்க. கம்ப்ரஸர் காத்தை மேலேருந்து அடிக்காதீங்க, மணல் இன்னும் உள்ளேதான் போகும். லெதர் பாலிஷ், மெழுகு எதுவும் ஓட்டை மேல வேண்டாம், அடைச்சுக்கும். தின்னர், பெட்ரோல் தொட்ட துணியும் ஆகாது. நல்லாப் பிழிஞ்ச ஈரத்துணி போதும்.

உங்க பயத்துக்கு வர்றேன். ஈரத்தோட உட்கார்ந்தா ஷாக் அடிக்குமான்னா, 12 வோல்ட், அடிக்காது. கெடுதல் வேற மாதிரி வரும். நல்ல தண்ணி கொட்டினா காய்ஞ்சிடும், போயிடும். கடல் தண்ணி காய்ஞ்சா உப்பு உள்ளேயே தங்கும். அந்த உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை மறுபடி மறுபடி இழுக்கும். ஆறு மாசத்துல சீட்டுக்கு அடியில ஒயரை இணைக்கிற கப்ளர் பச்சை பூத்துடும், கான்டாக்ட் லூஸாகி அந்த இடம் சூடாகும். 1914-ல திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்பு அரிச்சு 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்தினாங்க, 2025-லதான் புதுப் பாலம் வந்துச்சு. சீட்டுக்கடி ஒயர் எந்த மூலைக்கு? அரியமான்ல குழாய்த் தண்ணியில புள்ளைகளுக்கு ஊத்தி, துணி மாத்தி, அப்புறம் ஏத்துங்க. இருபத்திரண்டு தீர்த்தம் ஆடிட்டு ஈரப் புடவையோட ஏறுறவங்களுக்கும் இதேதான். மாத்த வழியே இல்லைன்னா ஒரு ரெக்ஸின் விரிப்பு போட்டு, ஓரத்தை மேல தூக்கி விட்டு, சூடு காத்து ரெண்டையும் அணைச்சிட்டு உட்கார வைங்க. தண்ணி உள்ளே இறங்கிட்டா, "சூடு போட்டுக் காய வைப்போம்"னு நினைக்காதீங்க. துணியால ஒத்தி எடுத்து, கதவைத் திறந்து வச்சு முழுசா காயட்டும்.

சீட் கவர் வேண்டாம். ஓட்டை எல்லாம் மூடிடும், காத்து சீட் வாங்கியும் பிரயோஜனம் இருக்காது. சூடு போட்டா கவருக்குள்ள தங்கும். அதைவிடப் பெரிய விஷயம், சீட்டோட வெளிப்பக்க ஓரத்துல ஏர்பேக்னு ஒரு சின்ன எழுத்து இருக்கான்னு பாருங்க. இருந்தா சைடு ஏர்பேக் அதுக்குள்ளதான் இருக்கு. கவர் போட்டு இறுக்கித் தைச்சா விபத்து நேரத்துல அது விரிய வழி இருக்காது. கடைக்காரர் "எல்லாரும் போடுறாங்க"ம்பார். நீங்க போடாதீங்க.

ஹீட்டர் இல்லாத வண்டிக்கு ஆன்லைன்ல வாங்கி சிகரெட் லைட்டர் பாயிண்ட்ல சொருகுற சூடு மெத்தைங்க வருது. அதுல பலதுல சென்சார் பேருக்குத்தான் இருக்கு. பெரியவங்களுக்கும் புள்ளைகளுக்கும் அதை வாங்கித் தராதீங்க.

கீழக்கரை மகள்:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். நேத்து இங்கயே டாக்டர்கிட்ட காட்டினோம். செவிலி அக்கா சொன்ன பேரையேதான் சொன்னாங்க. புண் எதுவும் இல்லை, சூடு கூடாது, மூணு மாசம் கழிச்சு மறுபடி காட்டச் சொல்லியிருக்காங்க. தொடையில ஊசியால குத்தி உணர்ச்சி பார்த்தாங்க, முட்டிக்கு மேலயும் சரியா சொல்ல முடியலை உம்மாவால. இன்சுலின் தொடையிலதான் போட்டுக்கிட்டு இருந்தாங்க, பயண நாள்ல வயித்துல போடச் சொல்லியிருக்காங்க. அக்கா, அதை நீங்க கேக்கலைன்னா எனக்குத் தோணியே இருக்காது.

இப்போ ஒரு சிக்கல். "ஒரே ஒரு லெவல் போடு புள்ள"ன்னு உம்மா கெஞ்சுறாங்க. நான் ரோட்டைப் பார்க்கும்போது அவங்களே சுவிட்சை அழுத்திடுவாங்கன்னு பயமா இருக்கு. சீட்டுக்கு அடியில கையை விட்டு அந்த ஒயரைக் கழட்டிடலாமா?

பரமக்குடி செவிலி:

நல்ல செய்தி, தங்கச்சி. இனி நீண்ட பயணம் முடிந்ததும் இடுப்பு, தொடையின் பின்பக்கம், குதிகால் மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கெஞ்சினால் சால்வையை மட்டும் கொடுங்கள். உடம்புச் சூடே போதும், அது சுடாது.

பட்டணம்காத்தான் ஒயரிங்:

அடியில கையே விடாதீங்க தங்கச்சி. மஞ்சள் கப்ளர் ஒண்ணு அங்க இருக்கும், அது ஏர்பேக், பெல்ட்டுக்குப் போறது. தெரியாம கழட்டினா ஏர்பேக் லைட் எரிய ஆரம்பிச்சிடும், தேவைப்படும்போது ஏர்பேக் வேலை செய்யாது. பியூஸ் வழியா நிறுத்துறதுதான் முறை. சில வண்டியில சூட்டுக்கும் காத்துக்கும் தனித்தனி பியூஸ், சிலதுல ரெண்டுக்கும் ஒண்ணே. தனியா இருந்தா வண்டியை ஆஃப் பண்ணிட்டு சூட்டுக்கு உள்ளதை மட்டும் எடுத்து, அந்தப் பெட்டிக்குள்ளயே டேப் போட்டு ஒட்டி வச்சிடலாம். டிரைவர் சீட் சூடும் அதோட நிக்கலாம், உங்களுக்கு அது தேவைப்படாது. ஒண்ணேன்னா எடுக்க வேண்டாம், சுவிட்ச் பக்கமே வேற வழி பார்த்துக்கலாம். மேனுவல் புக் கம்பெனி வெப்சைட்ல மாடல், வருஷம் போட்டுத் தேடினா பெரும்பாலும் கிடைக்கும். ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கிற பியூஸ் பெட்டி மூடியைத் திறந்து, உள்பக்கப் படத்தை போட்டோ எடுத்து இங்க போடுங்க. எது எதுன்னு பார்த்துச் சொல்றேன்.